முயற்கறியும் ஆறு பங்கும்



சென்ற இதழில், பிழைப்புக்காக ஊர் மாறி வந்த குடும்பங்கள் ரேஷன் அட்டையை எவ்வாறு புதுப்பித்துக்கொள்வது என்பது பற்றி எழுதியிருந்தேன். இத்திங்கள் அடுப்பங்கரைப் பக்கம் செல்லலாம் என்று எண்ணுகிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுப்பில் தொடங்கும் இப்பேச்சு நீதிமன்ற வாசல்வரை போய்த்தான் வீடு திரும்பும்.

நான் பிறந்தது உடும்பன்சோலை வட்டத்தில், ஓர் ஏலத் தோட்டத்து லயத்தில். பாட்டனார் போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். எங்கள் லயத்தில் ஆறு வீடுகள். ஆறு வீட்டிற்கும் ஒரே கூரை. ஒரே தண்ணீர்க் குழாய். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் மற்ற ஐந்து வீட்டுக் குழந்தைகளுக்கும் சோறு இறங்காது.

1999-ஆம் ஆண்டு. எனக்கு வயது ஒன்பது. தை பிறந்த மூன்றாம் நாள் இரவு, பாட்டனார் என்னையும் உடன் அழைத்துக்கொண்டு தோட்டத்துக்கு மேலேயிருந்த புல்மேட்டுக்குச் சென்றார். அவரிடம் துப்பாக்கி கிடையாது. கையால் பின்னிய வலை ஒன்று; சிப்பிப்பாறை இனத்து நாய் ஒன்று. இவை இரண்டுமே அவருடைய ஆயுதங்கள். புதர்களுக்கிடையே முயல் வழக்கமாக ஓடும் தடத்தைக் கண்டறிந்து அங்கே வலையைக் கட்டுவார். பின் எதிர்ப்பக்கமாகச் சுற்றிச் சென்று நாயை ஏவுவார். அன்று முதலில் விழுந்தது சினை முயல். அதன் வயிற்றைத் தடவிப் பார்த்த பாட்டனார் ஒன்றும் பேசாமல் வலையை விலக்கி விட்டுவிட்டார். “ஏன் தாத்தா?” என்று கேட்டேன். “அடுத்த வருசத்துக்கும் முயல் வேண்டுமல்லவா?” என்றார். விடியும் நேரத்தில் மற்றொன்று கிடைத்தது.

அந்த ஒரே முயலை ஆறு பங்காக்கிய விதம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. முதற் பங்கு, கணவரை இழந்து தனியே இருந்த ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு. இரண்டாம் பங்கு, அப்போது பிள்ளை பெற்றிருந்த வீட்டுக்கு. தலை நாய்க்கு. வேட்டையாடியவர் வீட்டுக்குக் கடைசிப் பங்கு. அதுவும் முதுகெலும்பும் விலாவும் மட்டுமே. ஆறு வீட்டில் ஒருவர்கூட வயிறு நிறைய அக்கறியை உண்டிருக்க மாட்டார். ஆயினும் அந்த ஆண்டுப் பொங்கலைப் பற்றி யாரைக் கேட்டாலும் அந்த முயற்கறியைத்தான் சொல்வார்கள்.

என் அப்பத்தா அதைச் சமைத்த முறையையும் சொல்லிவிடுகிறேன். காட்டு முயலின் இறைச்சி கருஞ்சிவப்பாக இருக்கும். கொழுப்பு மிகக் குறைவு. ஓடி ஓடி உரமேறிய தசை ஆதலால் எளிதில் வேகாது. அரிவாளால் கண்டபடி கொத்தினால் எலும்பு சில்லுச் சில்லாகத் தெறித்துத் தொண்டையில் குத்தும் என்பதால், அப்பத்தா மூட்டு மூட்டாகப் பிரித்தே எடுப்பார். மஞ்சளும் உப்பும் பிசறி ஒரு நாழிகை வைப்பார். வற்றல் மிளகாய், கொத்துமல்லி விதை, மிளகு, சீரகம், சோம்பு ஆகியவற்றை வறுத்து அம்மியில் அரைப்பார். மண்சட்டியில் நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றுவார். கொழுப்பில்லாத கறிக்கு எண்ணெயே துணை என்பது அவர் கணக்கு. சின்ன வெங்காயம் சிவந்தபின் கறியைப் போட்டு, விறகை இழுத்துவிட்டு, இரண்டு மணி நேரத்திற்கு மேல் சிறுதீயில் வேகவிடுவார். இறக்கும்போது தோட்டத்து ஏலக்காய் இரண்டைத் தட்டிப் போடுவார். கேப்பைக் களியும் அக்குழம்புமாக உண்டோம்.

கொழுப்பில்லாத கறி என்று சொன்னேனே, அதில் உலகறிந்த செய்தி ஒன்றும் உண்டு. கனடாவின் வடகோடியில் குளிர்காலத்தில் வேறு உணவின்றி முயற்கறியை மட்டுமே நாட்கணக்கில் தின்றவர்கள், வயிறு நிறைய உண்டும் பசி தீராமல் நோயுற்று மெலிந்திருக்கிறார்கள். உடலுக்குக் கொழுப்பும் மாவும் வேண்டும். வெறும் தசை போதாது. இதற்கு அந்நாட்டார் ‘முயற் பட்டினி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எழுதப் படிக்க அறியாத என் அப்பத்தா, நல்லெண்ணெயையும் கேப்பைக் களியையும் கொண்டு அந்தக் குறையைத் தீர்த்திருக்கிறார்!

இனி, இந்தத் தைத் திங்களுக்கு வருவோம்.

பொங்கலுக்கு இடுக்கி, பாலக்காடு உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுவதை அன்பர்கள் அறிவீர்கள். நான் ஒலவக்கோட்டிலிருந்து குடும்பத்துடன் பொள்ளாச்சி, பழனி வழியாக மதுரை சென்று, அங்கிருந்து போடி வண்டியைப் பிடித்தேன். 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட அந்த வழி, 2023 ஜூன் திங்களில்தான் போடிவரை மீண்டும் திறக்கப்பட்டது. மலையேறி அக்காள் வீட்டை அடைந்தபோது அடுப்பு எரியவில்லை. வாசலில் கோலம் இல்லை. அக்காள் என்னைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

என் மருமகனுக்கு வயது இருபத்திரண்டு. இரயில்வேத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவன். முந்தின நாள் இரவு, நண்பர்கள் இருவருடன் மோட்டார் சைக்கிளில், நெற்றியில் கட்டும் விளக்குகளுடன் முயல் வேட்டைக்குப் போயிருக்கிறான். கண்ணில் வெளிச்சம் பட்டால் முயல் ஓடாது, திகைத்து நின்றுவிடும். நின்றதை அடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு திரும்பும் வழியில், எல்லையோரச் சோதனைச் சாவடி ஒன்றில் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். சாக்கில் மூன்று முயல். கைப்பேசியில் வேட்டைப் படம். வேறு சாட்சி எதற்கு? மூவரும் கைது செய்யப்பட்டனர். வண்டியும் கைப்பேசிகளும் பறிமுதல் ஆயின. ஜாமீனில் வீடு வர ஐந்து நாள் ஆயிற்று.

வந்தவன் தலைகுனிந்து நின்றான். மச்சான் ஒரு சொல்லும் பேசவில்லை. நான்தான் கேட்டேன்: “ஏன் மாப்பிள்ளை, வீட்டில் கறிக்குப் பஞ்சமா?”

அவன் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: “மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரிய தாத்தா முயல் பிடித்த கதையை நீங்கள்தானே வருசா வருசம் சொன்னீர்கள்? அவர் பிடித்தால் பெருமை, நான் பிடித்தால் குற்றமா?”

அன்பர்களே, அக்கேள்விக்கு எனக்கு உடனே விடை வரவில்லை. அவனை நான் கடிந்துகொள்ள இயலவில்லை; ஏனெனில் அக்கதையை இனிக்க இனிக்கச் சொன்ன வாய் என்னுடையது. இரண்டு நாள் எண்ணிப் பார்த்தும், சட்டம் அறிந்தவர்களைக் கேட்டும் அவனுக்கு நான் கூறிய விடையையே இங்கு எழுதுகிறேன். எல்லையோரத்தில் வாழும் நம் வீடுகள் பலவற்றிலும் இக்கேள்வி இருக்கக்கூடும்.

முதலாவது, பாட்டனார் செய்ததும் குற்றமே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ஆம் ஆண்டு. இடுக்கி மாவட்டம் பிறந்ததும் அதே ஆண்டுதான். அச்சட்டத்தின் தொடக்கத்தில் முயல் நான்காம் பட்டியலில், சிறு வேட்டைப் பிராணிகளோடு சேர்க்கப்பட்டிருந்தது. உரிமம் பெற்றவர் அதனை வேட்டையாடலாம். 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிம முறையையே எடுத்துவிட்டது. அன்று முதல் முயல் வேட்டைக்கு எவருக்கும் அனுமதி இல்லை. 1999-இல் எங்கள் லயத்தில் இது ஒருவருக்கும் தெரியாது; தெரியாமை காரணமாகக் குற்றம் குற்றமல்லாமல் போவதில்லை. 2022-இல் மீண்டும் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முயல் இரண்டாம் பட்டியலில் உள்ளது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொல்வது மட்டுமன்று, வலை வைப்பதும், முயன்று பார்ப்பதும், காட்டு முயலை உயிருடன் பிடிப்பதும் வேட்டையே எனச் சட்டம் கொள்கிறது. அவ்விறைச்சியை வீட்டில் வைத்திருப்பதும் வழக்கில் கொண்டுபோய் விடும்.

இரண்டாவது, “ஏழை உண்டால் மட்டும் சட்டமா?” என்ற மனக்குறை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் மூணாறு மலையில் வேட்டை என்பது தோட்டத் துரைமார்களின் பொழுதுபோக்கு. இன்று வரையாடு காணக் கூட்டம் கூட்டமாய் மக்கள் செல்லும் இரவிகுளம், அன்று அவர்களுடைய வேட்டைக்காடு. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, விதி இருந்தது, துப்பாக்கி இருந்தது. கொழுந்து பறித்த நம் முன்னோருக்குச் சுருக்கும் வலையுந்தான். ஆனால் அந்த இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆனபின், துரைக்கும் அங்கே துப்பாக்கி இல்லை. அநீதி அவர்களிடமிருந்து தொடங்கியது என்பதற்காக அதை நாம் தொடர வேண்டுவதில்லையே!

மூன்றாவதே நான் அவனுக்கு அழுத்திச் சொன்னது. “மாப்பிள்ளை, தாத்தாவின் வலையில் விழுந்த சினை முயல் திரும்பிப் போயிற்று. உன் விளக்கின் முன் நின்றதற்குத் திரும்பும் வழி இருந்ததா? அவர் ஒன்றைக் கொண்டுவந்து ஆறாகப் பிரித்தார். நீங்கள் மூன்றைக் கொண்டுவந்தீர்கள். யார் வீட்டுக்குப் பங்கு கொடுப்பதாக இருந்தீர்கள்?” அவன் பதில் சொல்லவில்லை. படம் எடுத்துப் பலருக்கும் அனுப்புவதே நோக்கமாக இருந்தது என்பது பின்னர்த் தெரிந்தது. காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட யானைக்குக் குறி வைத்துத் தவறிய வேலே ஏந்தத் தக்கது என்ற கருத்தைத் திருக்குறளின் 772-ஆம் பாவில் வைத்த வள்ளுவர், இப்படத்தைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

இது எங்கள் வீட்டோடு நிற்கும் சங்கதியன்று. மலைக்கு அப்பால் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில், பொங்கலையும் மாசிச் சிவராத்திரியையும் ஒட்டிப் ‘பாரி வேட்டை’ என்று ஊரே கம்பும் நாயுமாகப் புறப்படும் பழக்கம் இருந்துவருகிறது. வனத்துறையார் ஆண்டுதோறும் எச்சரிக்கிறார்கள். பிடிபட்டோர் அபராதம் கட்டுகிறார்கள். அவ்வூர்களில் வேர் உள்ள நம் இளைஞர்கள் விடுமுறைக்குச் சென்றால் கூட்டத்தோடு கூட்டமாய்ச் சேர்ந்துவிடுவதும் உண்டு. பெற்றோர் முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம்.

மற்றொரு குழப்பத்தையும் நீக்க வேண்டும். “பன்றியைச் சுட அரசே அனுமதி தந்திருக்கிறதே!” என்பார்கள். 2022-ஆம் ஆண்டு கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அவ்வதிகாரத்தை அளித்தது உண்மை. ஆனால் அது பயிரை அழிக்கும் காட்டுப் பன்றிக்கு மட்டும். அதுவும் உரிமம் பெற்ற துப்பாக்கி உடையவர் மூலமாக. சுட்ட பன்றியையும் உண்ணலாகாது, புதைக்க வேண்டும் என்பதே அவ்விதி. முயலுக்கு அத்தகைய அனுமதி எதுவும் இல்லை.

சுருக்குக் கம்பியும் வெடியும் வைப்போர்க்கு ஒரு சொல். அவை ஆள் பார்ப்பதில்லை. 2020 மே திங்களில், நம் பாலக்காடு மாவட்டத்து மண்ணார்க்காடு அருகே, வெடி வைத்த தீனியைக் கடித்த கருவுற்ற யானை ஒன்று வாய் சிதைந்து ஆற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டதை உலகமே கண்டது. சிறு பிராணிக்கு வைத்தது பெரும் பிராணியைக் கொல்லும். பிராணிக்கு வைத்தது பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கொல்லும்.

இரயில்வேயில் பணியாற்றுபவன் என்ற முறையில் இளைஞர்களுக்கு இன்னொன்றும் கூற வேண்டியிருக்கிறது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். இருப்புப்பாதையில் சுத்தியல் பிடித்துத் தொடங்கி, பின்னர்க் குமாஸ்தா நாற்காலிக்கு வந்தவன். ஆதலால் உத்தியோகத்தின் அருமை எனக்குத் தெரியும். பணியில் சேரும் முன் நிரப்பித் தரவேண்டிய படிவத்தில், “கைது செய்யப்பட்டதுண்டா? வழக்கு நிலுவையில் உண்டா?” என்ற கேள்விகள் இருக்கின்றன. உண்டு என்று எழுதினால் விசாரணை. இல்லை என்று பொய் எழுதினால் அப்பொய்யே வேலையைப் பறித்துவிடும். என் மருமகன் தேர்வில் தேறினாலும், வழக்கு முடியும்வரை அவன் நிலை ஊசலாட்டந்தான். இரண்டு கிலோ கறிக்கு இது எவ்வளவு பெரிய விலை!

அப்படியானால் அப்பத்தாவின் குழம்பை மறந்துவிட வேண்டியதுதானா? வேண்டாம். அதற்கு வழி இருக்கிறது.

காட்டு முயல் வேறு, வளர்ப்பு முயல் வேறு என்பதை நம்மில் பலர் அறியோம். காட்டு முயல் வளை தோண்டாது. புல்லைப் படுக்கவைத்துச் செய்த சிறு கிடையில் பகலெல்லாம் பதுங்கியிருக்கும். அதன் குட்டி பிறக்கும்போதே உடல் நிறைய மயிரும் திறந்த கண்ணுமாகப் பிறக்கும். வளர்ப்பு முயல் ஐரோப்பாவிலிருந்து வந்த இனம். அதன் முன்னோர் வளையில் வாழ்ந்தவர்கள். குட்டி மயிரின்றி, கண் மூடிப் பிறக்கும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். இதை வளர்க்கவும் உண்ணவும் தடையில்லை. நம் இடுக்கி எல்லைக்கு அப்பால், கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில், வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா என்னும் இறைச்சி இனங்களை வளர்க்கிறார்கள். வீட்டின் பின்புறத்தில் கூண்டு வைக்க எண்ணுவோர் ஒருமுறை சென்று பார்த்துவரலாம்.

சமைக்கும் முறை இது. ஒரு கிலோ வளர்ப்பு முயற்கறிக்குச் சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு பன்னிரண்டு பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, வற்றல் மிளகாய் எட்டு, கொத்துமல்லி விதை மூன்று மேசைக்கரண்டி, மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகமும் சோம்பும் ஒவ்வொரு தேக்கரண்டி, நல்லெண்ணெய் அரைக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இக்கறி வெளுப்பாகவும் மென்மையாகவும் இருக்கும். ஆதலால் அப்பத்தாவின் இரண்டு மணி நேரக் கணக்கு இதற்கு ஆகாது. சிறுதீயில் நாற்பது நிமிடம் போதும். மிகுந்தால் நாராகிவிடும். கடைசியில் கறிவேப்பிலையும் ஏலக்காயும். காட்டு முயலின் வாசம் இதில் வருமா என்றால், வராது. அதை மறைப்பானேன்? ஆனால் மசாலையும் மண்சட்டியும் அதேதான்.

சென்ற பங்குனியில் மருமகன் நான்கு நாள் எங்களுடன் ஒலவக்கோட்டு இரயில்வேக் குடியிருப்பில் தங்கினான். ஞாயிற்றுக்கிழமை, பண்ணை ஒன்றில் முயற்கறி வாங்கிவரச் சொன்னேன். என் மனைவி அரைக்க, நான் சட்டியைப் பார்த்துக்கொண்டேன். இறக்கியதும் எங்கள் வரிசையில் கறி உண்ணும் வீடுகள் எத்தனை என்று எண்ணினேன். எங்கள் வீட்டையும் சேர்த்து ஆறு! ஆறு கிண்ணம் வைத்தேன். எங்கள் வரிசைக் கோடியில் ஓய்வுபெற்ற கேங்மேன் ஒருவரின் மனைவி தனியாக இருக்கிறார், மலையாளத்து அம்மையார். “முதலில் அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா, மாப்பிள்ளை” என்றேன்.

போனவன் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கிண்ணம் நிறைய உண்ணியப்பம் கொண்டுவந்தான். “பாட்டி உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள் மாமா” என்றான். அதற்குள் மற்றப் பங்குகளும் போய்விட்டன. சட்டியில் எஞ்சியிருந்தவை முதுகெலும்பும் விலாவுந்தான். அவற்றைப் பார்த்து அவன் சிரித்தான். அந்தக் கதையை அவனும் பலமுறை கேட்டவன் அல்லவா?

மாலையில் அவனைக் கொல்லங்கோட்டில் உள்ள உறவினர் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். வண்டி புதுநகரம் தாண்டியபின், பொழுது சாயும் வேளையில், பாதையோரப் புல்லில் காதை விடைத்தபடி ஒரு முயல் இருந்தது. சுத்தியலோடு பாதையில் நடந்த நாட்களில் இவற்றை நான் அடிக்கடி கண்டதுண்டு. மருமகன் தன்னையறியாமல் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனான். கைப்பேசி நீதிமன்றத்தில் இருப்பது நினைவுக்கு வரவே கையை எடுத்துக்கொண்டான். முயல் எங்களைப் பார்த்தது. பிறகு வேலிக்குள் நுழைந்து போயிற்று. இருவரும் பேசவில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. முடிவு எதுவாயினும் அடுத்துவரும் இதழொன்றில் உள்ளபடி எழுதுவேன். நம் குடும்பங்களுக்கு நான் வேண்டிக்கொள்வது இது: முன்னோர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது முயலைப் பிடித்த கதையோடு நிறுத்திவிடாதீர்கள். விட்டுவிட்ட முயலையும், பிரித்துக் கொடுத்த ஆறு பங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் அதைச் சொல்லத் தவறினேன்.

அடுத்த திங்கள், மழைக்காலத்தில் லயத்து வீடுகளில் குழந்தைகளுக்கு வரும் சளி, இருமல் பற்றிப் பேசுவோம். வணக்கம்.